காந்தம் ஒட்டாத இரும்பு

எங்கள் கடையில் தராசுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு காந்தம் கயிற்றோடு தொங்குகிறது. பழுதாய்ப்போன ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து வாப்பா கழற்றி எடுத்த கறுப்பு வளையம். ஓரத்தில் ஒரு துண்டு உடைந்திருக்கிறது. பழைய இரும்பு வாங்கி விற்கும் எங்களுக்குத் தராசு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை அந்தக் காந்தமும். யாராவது சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தால், வாப்பா முதலில் அந்தக் காந்தத்தைத்தான் அதன்மேல் ஓட்டுவார். ஒட்டியதெல்லாம் இரும்புக் குவியலுக்குப் போகும். ஒட்டாதவை செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் என்று பிரியும். விலையில் இந்தக் குவியலுக்கும் அந்தக் குவியலுக்கும் பல மடங்கு வித்தியாசம்.

“ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் இரும்பில்லை.” எழுதப் படிக்கத் தெரியுமுன்னரே நான் படித்த விஞ்ஞான விதி இதுதான். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்க வந்த பிறகும் அதை நான் சந்தேகித்ததில்லை. சென்ற வருடம் ஒரு பின்னேரம் அந்த விதி எங்கள் கடை வாசலில் பொய்த்துப் போனது. அது ஏன் பொய்த்தது என்பதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் வெறும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக நாம் வரைந்து மனனம் செய்யும் இலத்திரன் நிலையமைப்பு, ஒரு மனிதரின் மானத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கக்கூடும் என்று அதுவரை நான் நினைத்திருக்கவில்லை.

வாசலில் நடந்தது

அன்றைக்கு ஓர் ஐயா லாண்ட்மாஸ்டரில் சாமான் கொண்டுவந்தார். வயதானவர். தன்னுடைய தேத்தண்ணிக் கடையை மூடிவிட்டு, அங்கிருந்த எவர்சில்வர்ச் சாமான்களை விற்க வந்திருந்தார். பாத்திரம் கழுவும் பெரிய சிங் இரண்டு, மேசைக்கு அடித்த தகடுகள், வாளிகள். வாப்பா வழக்கம்போலக் காந்தத்தை வைத்துப் பார்த்தார். தகட்டின் நடுப்பகுதியில் காந்தம் வழுக்கி விழுந்தது. சரி, எவர்சில்வர்தான். ஆனால் சிங்கின் மூலைக்குக் கொண்டுபோனதும் காந்தம் மெல்ல இழுபட்டது. தகட்டின் மடித்த விளிம்பிலும் அப்படியே.

கடையில் வேலை செய்யும் பெடியன், “மூலையில இரும்பு வச்சு ஒட்டியிருக்கினம் போல” என்றான். வாப்பாவின் முகம் மாறியது.

“ஐயா, இது கலப்பு மாதிரிக் கிடக்கு. எவர்சில்வர் விலைக்கு எடுக்கேலாது.”

“நானா, முப்பது வருசம் நான் பாவிச்ச சாமான். நான் என்னத்தைக் கலக்கிறது?”

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாமான் இங்கேயே இருக்கட்டும், நாளைப் பின்னேரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாப்பாவும் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பாவின் வாப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடை இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் சனம் முழுவதும் இந்த ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது வாப்பா சிறுபிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து, ஒரு தராசோடு மறுபடியும் தொடங்கினார். திரும்பி வந்தவனுக்கு முதலைவிடப் பேர்தான் பெரிது என்று அடிக்கடி சொல்வார். ஏமாந்தால் முதல் போகும். ஏமாற்றாத ஒருவரைக் கள்ளன் என்று சொன்னால் பேர் போகும். “நிறுவையில பிழை விட்டாலும் மறுமையில பதில் சொல்லோணும், சொல்லில பிழை விட்டாலும் பதில் சொல்லோணும் மகள்” என்றார்.

என் மனத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. எவர்சில்வர் என்று நாம் சொல்லும் கறையில் உருக்கில் ஏறத்தாழ எழுபது வீதம் இரும்புதான் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் தகட்டின் நடுவில் ஏன் ஒட்டவில்லை? நடுவில் ஒட்டாதது மூலையில் ஏன் ஒட்டியது? மறுநாள் இடைவேளையில் இரசாயனவியல் ரீச்சரிடம் ஓடினேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. “முதலில் ஆவர்த்தன அட்டவணையை எடு” என்றார்.

சோடியும் தனியும்

ஒவ்வோர் இலத்திரனும் மிகச் சிறிய ஒரு காந்தம். கறங்கல் என்று நாம் படிக்கும் பண்பிலிருந்து அந்தக் காந்தத்தன்மை வருகிறது. படத்தில் அதை மேல்நோக்கிய அம்பாகவோ கீழ்நோக்கிய அம்பாகவோ காட்டுகிறோம். ஒரே ஓபிற்றலில் இரண்டு இலத்திரன்கள் இருந்தால் அவை எதிரெதிர்த் திசையில்தான் இருக்க வேண்டும். பௌலியின் விதி சொல்வது இதைத்தான். எதிரெதிரான இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே சோடியாகிவிட்ட இலத்திரன்களால் வெளியே தெரியும்படியான காந்தம் கிடையாது. காந்தம் வேண்டுமானால் சோடி சேராத இலத்திரன் வேண்டும்.

இரும்பின் அணுவெண் 26. முதல் 18 இலத்திரன்களும் ஆகனின் அமைப்பில் சோடி சோடியாக அடங்கிவிடுகின்றன. மிச்சம் எட்டு. அவற்றுள் இரண்டு 4எஸ் மட்டத்தில் சோடியாகின்றன. ஆறு 3டி மட்டத்துக்கு வருகின்றன. 3டியில் ஐந்து ஓபிற்றல்கள் உண்டு. ஹுண்டின் விதிப்படி முதல் ஐந்து இலத்திரன்களும் ஓபிற்றலுக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில் நிற்கும். ஆறாவது மட்டும் ஒன்றோடு சோடி சேரும். தனித்திருப்பவை நான்கு.

ஹுண்டின் விதியைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறோம். அது ஏன் அப்படி என்று ரீச்சர் கேட்டபோது நான் விழித்தேன். விடை இதுதான்: இலத்திரன்கள் எல்லாம் மறையேற்றம் உள்ளவை, ஒன்றையொன்று தள்ளுபவை. ஒரே திசைக் கறங்கல் உடைய இரண்டு இலத்திரன்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கவே முடியாது. இயல்பாகவே விலகி நிற்கும். விலகி நின்றால் தள்ளுகையால் வரும் சக்தி குறையும். ஆகவே ஒரே திசையில் நிற்பது அவற்றுக்கு இலாபம். இந்தக் காரணத்தை மறந்துவிட வேண்டாம். இதே காரணம்தான் ஓர் அணுவுக்குள் மட்டுமல்லாமல், பக்கத்து அணுக்களுக்கிடையிலும் வேலை செய்யப்போகிறது.

இதுவரை சொன்னதை வைத்து உலோகங்களைப் பிரிக்கலாம் போலத் தோன்றும். நாகத்தின் அணுவெண் 30. 3டியில் பத்து, 4எஸ்ஸில் இரண்டு, எல்லாம் சோடி. காந்தம் ஒட்டாது. ஒட்டாதது மட்டுமல்ல, மிக மிக மெல்லிதாக விலக்கவும் படும். செம்பின் அணுவெண் 29. 3டியில் பத்து, 4எஸ்ஸில் ஒன்று. அந்த ஒன்று தனியாகத்தானே இருக்கிறது, ஒட்ட வேண்டுமே என்று கேட்டேன். தனித்த ஓர் அணுவாக இருந்தால் அது சரி. ஆனால் செம்புக் கம்பியில் அந்த இலத்திரன் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லை. அது உலோகம் முழுவதற்கும் பொதுவான சக்தி மட்டங்களில் மற்ற அணுக்களின் இலத்திரன்களோடு மேலும் கீழுமாகச் சோடியாகிவிடுகிறது. மின்னைக் கடத்துவதும் அந்தப் பொது இலத்திரன்களே. அலுமினியத்திலும் ஏறத்தாழ அதே கதை. சக்தி மட்டங்களின் உச்சியில் இருக்கும் சில இலத்திரன்கள் மட்டும் காந்தத்தின் பக்கம் திரும்புவதால் அது மிக மெல்லிதாகக் கவரப்படும். கடையில் தொங்கும் காந்தத்துக்கு அந்தக் கவர்ச்சி தெரியாது.

தனித்திருந்தால் மட்டும் போதுமா?

“அப்படியானால் தனித்த இலத்திரன் கூடக் கூடக் காந்தமும் கூட வேண்டும், இல்லையா?” என்று ரீச்சர் கேட்டார். ஓமென்றேன். “குரோமியத்தை எழுது பார்ப்போம்.”

எழுதினேன். அணுவெண் 24. 3டியில் ஐந்து, 4எஸ்ஸில் ஒன்று. ஆறும் தனித்தவை. இரும்பைவிட அதிகம். ஆனால் குரோமியத்தில் காந்தம் ஒட்டுவதில்லை. மங்கனீசின் அணுவில் ஐந்து தனித்த இலத்திரன்கள், அதிலும் ஒட்டுவதில்லை. அறை வெப்பநிலையில் நாம் அறிந்த மூலகங்களுள் கைக்காந்தத்தில் நன்றாக ஒட்டும் சாதாரண உலோகங்கள் மூன்றே மூன்று: இரும்பு, கோபாற்று, நிக்கல்.

இங்கேதான் நான் படித்திருந்தது முடிந்து, படிக்காதது தொடங்கியது. தனித்த இலத்திரன் இருப்பது முதலாவது நிபந்தனை மட்டுமே. இரண்டாவது நிபந்தனை, ஓர் அணுவின் தனித்த இலத்திரன்களும் பக்கத்து அணுவின் தனித்த இலத்திரன்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும் என்பது. அடுத்தடுத்த அணுக்களின் இலத்திரன் முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, முன்பு சொன்ன அதே தள்ளுகையும் அதே பௌலி விதியும் சேர்ந்து, சில உலோகங்களில் “ஒரே திசையில் நில்லுங்கள்” என்கின்றன. சிலவற்றில் “எதிர்த் திசையில் நில்லுங்கள்” என்கின்றன. 1928இல் ஜேர்மன் விஞ்ஞானி ஹைசன்பேர்க் இதைச் சொட்டுப் பொறிமுறையால் விளக்கினார். இரும்பில் விடை “ஒரே திசை”. அதுதான் அயக்காந்தம். குரோமியத்தில் விடை “எதிர்த் திசை”. ஓர் அணு மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். ஒவ்வொன்றும் காந்தம்தான், கூட்டிப் பார்த்தால் பூச்சியம். இப்படி எதிரெதிராக அடுக்கும் காந்த ஒழுங்கை ஆராய்ந்த பிரான்சு நாட்டு நீல் என்பவருக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரும்பில் எல்லா அணுக்களும் ஒரே திசையென்றால், கடையில் கிடக்கும் ஆணிகள் ஏன் ஒன்றையொன்று இழுப்பதில்லை? ஆணிக்குள் சின்னச் சின்னப் பகுதிகள் உண்டு. ஒரு பகுதிக்குள் எல்லாம் ஒரே திசை. பகுதிக்குப் பகுதி திசை வேறு. ஆதலால் மொத்தத்தில் காந்தம் வெளியே தெரிவதில்லை. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அந்தத் திசையைப் பார்க்கும் பகுதிகள் வளர்கின்றன, ஆணி இழுபடுகிறது. இப்படிப் பகுதிகள் இருக்க வேண்டும் என்று 1907இலேயே பியர் வைஸ் சொல்லிவிட்டார்.

வெப்பம் இந்த ஒழுங்கைக் குலைக்கும். இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அணுக்களின் அதிர்வு மிஞ்சி, திசை ஒற்றுமை கலைந்துவிடும். செந்தணலான ஆணி காந்தத்தில் ஒட்டாது. ஆறியதும் மறுபடி ஒட்டும். தனித்த இலத்திரன்கள் எங்கும் போகவில்லை. அவற்றின் ஒற்றுமைதான் போய் வந்தது. நிக்கலுக்கு இந்த எல்லை ஏறத்தாழ 358 பாகை மட்டுமே.

ஒட்டும் செம்பும் ஒட்டாத நிக்கலும்

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வாப்பாவிடம் பழைய நாணயங்கள் போட்டு வைத்த தகரப்பேணி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து 1984 என்று பொறித்த இரண்டு ரூபா ஒன்றையும், 2005 என்று பொறித்த இரண்டு ரூபா ஒன்றையும் எடுத்தேன். இரண்டும் வெள்ளை நிறம். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 2005ஆம் ஆண்டு நாணயம் காந்தத்தில் படக்கென்று ஒட்டியது. பழையது ஒட்டவே இல்லை. புதியது நிக்கல் பூசிய உருக்கு. பழையது செம்பும் நிக்கலும் கலந்த கலப்புலோகம். நான்கில் மூன்று பங்கு செம்பு, ஒரு பங்கு நிக்கல்.

நிக்கல் ஒட்டும் உலோகமாயிற்றே, அதில் கால் பங்கு இருந்தும் ஏன் கொஞ்சமாவது ஒட்டவில்லை? திண்ம நிக்கலில் ஓர் அணுவுக்குச் சராசரியாக 0.6 இலத்திரனுக்குரிய காந்தம்தான் இருக்கிறது. இரும்பில் அது 2.2. இலத்திரன்கள் அணுக்களுக்கிடையே பங்கிடப்படுவதால்தான் இப்படிப் பின்னத்தில் வருகிறது. செம்பு அணுவில் நிக்கலைவிட ஓர் இலத்திரன் அதிகம். செம்பைக் கலக்கக் கலக்க, நிக்கலின் 3டியில் வெறுமையாக இருந்த இடங்கள் நிரம்பிப் போகின்றன. இடம் நிரம்பினால் சோடி சேரும்; சோடி சேர்ந்தால் காந்தம் போகும். ஒரு நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இலத்திரன்கள் இடம் நிரப்புவதை உணர்ந்தது எனக்கு அதுவே முதற் தடவை.

இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. ஹொய்ஸ்லர் என்ற ஜேர்மானியர் செம்பு, மங்கனீசு, அலுமினியம் ஆகிய மூன்றையும் சேர்த்து உருக்கினார். தனியே எடுத்தால் மூன்றும் காந்தத்தில் ஒட்டாதவை. சேர்த்து உருக்கிய உலோகம் ஒட்டியது! 1903இல் அவர் இதை வெளியிட்டார். மங்கனீசின் தனித்த இலத்திரன்கள் எப்போதும் இருந்தவைதான். மற்ற அணுக்கள் இடையில் வந்து தூரத்தை மாற்றியதும், எதிர்த்து நின்றவை ஒரே திசைக்கு வந்தன. இரும்பே இல்லாத உலோகத்தில் காந்தம் ஒட்டும் என்றால், இரும்பு நிறைந்த உலோகத்தில் காந்தம் ஒட்டாமல் இருப்பதிலும் ஆச்சரியமில்லை.

புல்மோட்டை மணல்

உலோகமாக இல்லாமல் கனிமமாக இருக்கும்போதும் இலத்திரன் கணக்கு வேலை செய்கிறது. எங்கள் குடாநாட்டுக்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தில் உள்ள புல்மோட்டையின் கரிய மணலை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அதில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன் என்னும் கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பிரிக்க யாராலும் முடியாது. தொழிற்சாலையில் வலிமையான காந்தங்களுக்கிடையே மணலை ஓடவிடுகிறார்கள். இல்மனைற்று காந்தத்தின் பக்கம் சாய்ந்து விழும்; மற்ற இரண்டும் நேரே போகும்.

இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்திருக்கின்றன. இரும்பு இரண்டு இலத்திரன்களை இழந்து அயனாக நிற்கிறது. 4எஸ்ஸில் இருந்த இரண்டும் போக, 3டியில் ஆறும் அப்படியே, தனித்தவை நான்கு. தைத்தேனியம் நான்கு இலத்திரன்களை இழந்திருக்கிறது. 22இல் நான்கு போனால் 18, ஆகனின் அமைப்பு, தனித்தது ஒன்றுமில்லை. ரூற்றைல் தைத்தேனியமும் ஒட்சிசனும் மட்டும் சேர்ந்தது. சேர்க்கனில் உள்ள சேர்க்கோனியமும் 40இல் நான்கை இழந்து 36 ஆகிறது, கிரிப்தனின் அமைப்பு, அங்கும் தனித்தது இல்லை. ஒரு மணலை இழுத்து மற்றதை விட்டுவிடுவது அந்த நான்கு இலத்திரன்கள்தான். ஆனால் இல்மனைற்றில் அவை ஒன்றுசேர்ந்து ஒரே திசையில் நிற்பதில்லை. காந்தம் வந்தால் மட்டும் ஓரளவு திரும்பும். அதைப் பரகாந்தம் என்போம். அதனால்தான் வலிமையான காந்தம் தேவைப்படுகிறது.

வெட்டாமல் உள்ளே பார்த்தவர்

“உன்னுடைய வாப்பா செய்கிற வேலையைத்தான் ஒரு பெரிய விஞ்ஞானியும் செய்தார்” என்று ரீச்சர் சொன்னார். தமிழ்நாட்டில் வத்திராயிருப்பு என்ற ஊரில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். கல்கத்தாவில் சி. வி. இராமனோடு சேர்ந்து உழைத்தவர். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது கூட இருந்தவர். அதன் பிறகு டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், பளிங்குகளின் காந்த இயல்பை ஆராயத் தொடங்கினார்.

அவருடைய முறை பார்வைக்கு எளிமையானது. ஒரு சிறிய பளிங்கை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்துக்குள் வைத்தார். பளிங்கின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு காந்தம் உடையதல்ல. ஆகவே அது ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் புலத்துக்குக் காட்டித் திரும்பி நிற்கப் பார்க்கும். இழையை எவ்வளவு முறுக்கினால் பளிங்கு அந்த நிலையை விட்டுத் திரும்புகிறது என்று அளந்து, எந்தப் பக்கத்தில் காந்தம் எவ்வளவு கூடுதல் என்று கணக்கிட்டார். அதிலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன, உலோக அயனைச் சுற்றியுள்ள அணுக்கள் அதன் இலத்திரன்களை எப்படிப் பாதிக்கின்றன என்பனவற்றைச் சொல்ல முடிந்தது. பளிங்கை உடைக்கவும் இல்லை, கரைக்கவும் இல்லை. 1940இல் இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் அங்கத்தவராக்கியது. 1947இல் இந்தியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு முதல் இயக்குநரானார்.

ஓர் இழையும், ஒரு பளிங்கும், ஒரு காந்தமும். எங்கள் கடையிலும் ஒரு கயிறும் ஒரு காந்தமும் உண்டு. காந்தம் சொல்வதைக் கேட்கும் முறைதான் எங்களுக்குப் பிழைத்திருந்தது.

மூலை ஏன் ஒட்டியது?

இப்போது சிங்குக்கு வருவோம். சாதாரண இரும்பில் அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நட்ட நடுவிலும் அமர்ந்திருக்கின்றன. இந்த அடுக்கில் பக்கத்து அணுக்களின் இலத்திரன்கள் ஒரே திசையில் நிற்கும், காந்தம் ஒட்டும். இரும்பை 912 பாகைக்கு மேல் சூடாக்கினால் அடுக்கு மாறும். அணுக்கள் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் போய் அமரும். இந்த இரண்டாவது அடுக்கில் அயலவருக்கிடையே அந்த ஒற்றுமை கிடைப்பதில்லை. ஆறினால் இரும்பு முதலாவது அடுக்குக்கே திரும்பிவிடும்.

பாத்திரங்களுக்குப் பயன்படும் நல்ல எவர்சில்வரில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. குரோமியம் கறைபிடிக்காமல் காக்கிறது. நிக்கல் செய்யும் வேலை வேறு: ஆறிய பிறகும் அணுக்களை அந்த இரண்டாவது அடுக்கிலேயே பிடித்து வைக்கிறது. எழுபது வீதம் இரும்பு இருந்தும், ஒவ்வோர் இரும்பணுவிலும் தனித்த இலத்திரன்கள் இருந்தும், காந்தம் ஒட்டாத காரணம் இதுதான். நிக்கல் சேர்க்காத, குரோமியம் மட்டும் சேர்த்த எவர்சில்வரும் உண்டு. அது முதலாவது அடுக்கிலேயே இருப்பதால் முழுவதுமாக ஒட்டும். அதுவும் கலப்படம் அல்ல. வேறு வகை, அவ்வளவுதான்.

நிக்கல் பிடித்து வைத்திருக்கும் அந்த அடுக்கு முழு உறுதியானது அல்ல. தட்டையான தகட்டை அச்சில் அழுத்திச் சிங்காக இழுக்கும்போது, நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆவதில்லை. மூலைகள்தான் மிகவும் வளைந்து இழுபடுகின்றன. அந்த நெரிசலில் மூலையிலுள்ள அணுக்களில் ஒரு பகுதி சறுக்கி வேறோர் அடுக்குக்குப் போய்விடுகிறது. அந்த அடுக்கு முதலாவது அடுக்கைப் போன்றது, காந்தம் ஒட்டும். தகட்டை மடித்த விளிம்பிலும் நடந்தது இதுவே. யாரும் இரும்பு வைத்து ஒட்டவில்லை. எது எவ்வளவு கலந்தது என்பது நடுவிலும் மூலையிலும் ஒன்றுதான். வேறுபட்டது அடுக்கு மட்டும்.

“உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது ரீச்சர்?” என்று கேட்டேன். “நீயே யோசி. அடுக்கை மாற்றியது எதுவோ அதற்கு எதிரானதைச் செய்” என்றார்.

பின்னேரம் கடைக்குப் போனதும் வாப்பாவிடம் சொன்னேன். அவர் சிங்கின் மூலையில் கையளவு துண்டொன்றை வெட்டியெடுத்தார். காந்தம் இழுத்தது. ஒரு பழைய ஆணியையும் பக்கத்தில் வைத்தோம். காஸ் கட்டரால் இரண்டையும் நன்றாக, மஞ்சள் கலந்த சிவப்பாகத் தணலும் மட்டும் சூடாக்கித் தண்ணீரில் போட்டார். (தோழியரே, இதைப் பெரியவர் துணையின்றிச் செய்ய வேண்டாம்.) ஆறியதும் ஆணியை எடுத்தோம், காந்தம் பழையபடி கௌவியது. சிங்குத் துண்டை எடுத்தோம். காந்தம் வழுக்கி விழுந்தது. வாப்பா திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. இரும்பு வைத்து ஒட்டியிருந்தால் அது ஆறிய பின் ஆணியைப் போல மறுபடி ஒட்டியிருக்க வேண்டும். சூடு அணுக்களை ஒட்டாத அடுக்குக்கே திருப்பி அனுப்பியிருந்தது.

பிறகு தகட்டின் நடுவிலிருந்து, ஒட்டாத துண்டொன்றை வெட்டிக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் நன்றாக நசுங்கிய ஓரத்தை நோக்கிக் காந்தம் மெல்லச் சாய்ந்தது. பெடியன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயா சொன்னபடி வந்தார். வாப்பா எழுந்துபோய், “ஐயா, நேற்று நான் சொன்னது பிழை. உங்கட சாமான் நல்ல சாமான்” என்றார். எவர்சில்வர் விலைக்கே நிறுத்தார். நாங்கள் வெட்டிச் சுட்ட துண்டுகளையும் எடுத்துத் தராசில் போட்டார். ஐயா காசை எண்ணாமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகும்போது என்னைப் பார்த்து, “பிள்ளை என்ன படிக்குது?” என்று கேட்டார்.

இந்தக் கணக்கிலும் ஓர் எல்லை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிக்கலைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்துச் செய்யும் மலிவான எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டாது. நாங்கள் செய்த பரிசோதனையிலும் அது நல்லதைப் போலவே நடந்துகொள்ளும். காந்தம் கேட்கும் கேள்வி “இதில் என்ன இருக்கிறது?” என்பதல்ல. “உள்ளே இருப்பவை எப்படி நிற்கின்றன?” என்பதே அதன் கேள்வி. தனித்த இலத்திரன் உண்டா என்பது ஒன்று. அவை ஒரே திசையில் நிற்கின்றனவா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆமென்றால் மட்டுமே அது ஒட்டும்.

காந்தம் இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. எவர்சில்வர் வந்தால் வாப்பா இப்போது மூலையில் வைத்துப் பார்ப்பதில்லை. தட்டையான இடம் தேடி, நடுவில் வைத்துப் பார்க்கிறார். ஏதாவது விளங்காவிட்டால், வந்தவரிடம் ஒன்றும் சொல்வதற்கு முன், உள்ளே திரும்பி, “மகள், இஞ்ச ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிடுகிறார்.